வீட்டுக்குள்ள ஒரு குட்டிக் கடல்! - உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு முழு கைடு

சென்னை கொளத்தூர் பக்கம் கலர் மீன் கடைகளைச் சுத்தி வந்திருக்கீங்களா? கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர்னு கவர் கவரா தொங்கும். சில கடைகளில் மட்டும் உள்பக்கமா, நீல வெளிச்சத்தோட தனியா ஒரு தொட்டி இருக்கும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் அதுக்குள்ள நீந்திக்கிட்டு இருக்கும். 'ஃபைண்டிங் நீமோ' பார்த்த யாருக்கும், 'இதை நம்ம வீட்டு ஹால்ல வெச்சா என்ன?'ன்னு தோணத்தான் செய்யும்.

தாராளமா வைக்கலாம். பெரிய பங்களாவும் வேணாம், பெரிய தொட்டியும் வேணாம். ஒரே ஒரு நிபந்தனை... மீனைக் கடைசியா வாங்குங்க. தொட்டி வாங்கின அன்னைக்கே மீனையும் வாங்கிட்டு வர்றதுதான் புதுசா ஆரம்பிக்கிறவங்க அதிகம் செய்யுற தப்பு. அப்படி வந்த மீன்கள் பலதும் ஒரு மாசத்தைத் தாண்டாது. பழி கடைக்காரர் மேல விழும். ஆனா, பெரும்பாலும் காரணம் தயாராகாத தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரை எப்படித் தயார் பண்றது, அப்புறம் எதை வாங்குறது, எதை வாங்கவே கூடாதுன்னு வரிசையா பார்க்கலாம்.

எந்த சைஸ் தொட்டி?

'சின்னதா ஆரம்பிப்போம்'னு பலரும் ஓர் அடித் தொட்டியைத் தேடுவாங்க. உப்புநீரைப் பொறுத்தவரை இது தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய, ஒரு சின்னத் தப்பின் பாதிப்பும் பெருசாகும். சாப்பிடாமல் விட்ட நாலு துணுக்கு உணவு 200 லிட்டரில் காணாமல் போயிடும். 20 லிட்டரில் அதுவே விஷமாகும்.

ஆரம்பத்துக்கு 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் போதும். மொத்தக் கொள்ளளவு சுமார் 88 லிட்டர். பாறை, மணல் போக உண்மையில் 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னதுக்கு முதல் முயற்சியில் போகாதீங்க.

எல்லாம் சேர்த்து எடை 100 கிலோவைத் தாண்டும். அதனால டீப்பாய், ஷூ ரேக் மேலெல்லாம் வைக்க முடியாது. மட்டமான, உறுதியான ஸ்டாண்டு வேணும். நேரடி வெயில் படும் ஜன்னல், சமையலறை ரெண்டையும் தவிர்த்துடுங்க.

ஷாப்பிங் லிஸ்ட்

* கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு: முதல் முறை நிரப்பவே இரண்டரை கிலோவுக்கு மேல் ஆகும்.
* ரிஃப்ராக்டோமீட்டர்: உப்பின் அளவைப் பார்க்கும் கருவி. பிளாஸ்டிக் முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் விலை குறைவுதான், ஆனா நம்ப முடியாது.
* டெஸ்ட் கிட்: அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச் நான்கும் அவசியம்.
* வேவ்மேக்கர்: மணிக்கு 700 முதல் 1,400 லிட்டர் தண்ணீரைத் தள்ளுவது போதும். அதாவது, தொட்டித் தண்ணீரைப்போல 10 முதல் 20 மடங்கு.
* தொட்டியின் பின்பக்கம் மாட்டும் ஃபில்டர்.
* தெர்மாமீட்டர், எல்.இ.டி லைட், மேல்பக்கம் மூட வலை. கோமாளி மீன் சில சமயம் குதிக்கும்.
* பாறை 6 முதல் 8 கிலோ, அரகோனைட் மணல் சுமார் 10 கிலோ.
* பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்.
* தொட்டிக்கென்று மட்டும் இரண்டு பக்கெட். துணி துவைக்கிற பக்கெட்டை எடுத்தீங்கன்னா சோப்பும் கூடவே வரும்.

புரோட்டீன் ஸ்கிம்மர்னு ஒண்ணு சொல்வாங்க. கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி அது. இருந்தா நல்லதுதான். ஆனா, இந்த அளவுத் தொட்டிக்கு வாராவாரம் தண்ணீர் மாற்றினாலே சமாளிக்கலாம்.

கவனிச்சீங்களா... இந்த லிஸ்ட்டில் மீனே இல்லை. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தா மீனுக்கு ஆகிறது ரொம்பக் குறைவாத்தான் இருக்கும். பட்ஜெட் போடும்போது மீன் விலையை வெச்சுக் கணக்குப் போட்டுடாதீங்க.

மெரினாவில் ஒரு குடம் எடுத்துட்டு வந்தா?

கடல் பக்கத்துலயே இருக்கு, உப்பு எதுக்கு வாங்கணும்னு தோணும். கரையோரத் தண்ணீரில் ஆறு, கால்வாய் வழியா வரும் கழிவு, படகு எண்ணெய், நோய்க்கிருமிகள் எல்லாம் கலந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பின் அளவும் மாறும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது வேண்டாத ரிஸ்க்.

குழாய்த் தண்ணீரும், போர் தண்ணீரும் கூடாது. குளோரின், நைட்ரேட், பாஸ்பேட், உலோகங்கள் எல்லாம் அதில் இருக்கலாம். குறிப்பா செம்பு. மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாத அளவு செம்புகூட நத்தை, இறால், நண்டு வகைகளைக் கொன்னுடும். அதனால செம்புச் சொம்பில் மொண்டு ஊத்துறதையும் தவிர்த்துடுங்க.

ஆர்.ஓ தண்ணீரை டி-அயனைஸிங் ஃபில்டரிலும் வடிகட்டி, டி.டி.எஸ் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டுற தண்ணீர்தான் சிறந்தது. வீட்டு ஆர்.ஓ-வில் சுவைக்காகத் தாதுக்கள் திரும்பச் சேர்க்கும் வசதி இருக்கும். அதனால டி.டி.எஸ் எவ்வளவுன்னு முதல்ல அளந்து பாருங்க. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வரலைன்னா கூடுதல் ஃபில்டர் தேவை.

உப்பு கலக்கும் முறை

சமையல் உப்பு வேலைக்கு ஆகாது. கடல்நீரில் சோடியம் குளோரைடோட கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் எல்லாம் சேர்ந்திருக்கு. கடல் மீன் தொட்டி உப்பில்தான் அவை சரியான விகிதத்தில் இருக்கும்.

லிட்டருக்குச் சுமார் 35 முதல் 40 கிராம். பிராண்டுக்கு பிராண்டு மாறும், பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பாருங்க. பக்கெட்டில் முதலில் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உப்பு. ஒரு சின்ன பம்ப்பை ஓடவிட்டு ஒரு நாள் கலங்க விடுங்க. அதுக்கப்புறம் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி அல்லது 1.025 - 1.026 காட்டணும். மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேரடியா கொட்டவே கூடாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 70 லிட்டரில் 7 லிட்டர் ஆவியானா, 35 பி.பி.டி-யில் இருந்த உப்பு கிட்டத்தட்ட 39-க்கு ஏறிடும். அதனால, குறைஞ்ச அளவை எப்பவும் உப்பு கலக்காத சுத்தமான தண்ணீரில்தான் நிரப்பணும். உப்புத்தண்ணீர் ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அளவைக் குறிச்சு வைங்க. தினமும் அந்தக் கோடு வரைக்கும் நிரப்புங்க.

பாறை வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்தைப் படிங்க

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் 'லைவ் ராக்', கலர் கலரா பவளம்னு காட்டுவாங்க. அதைப் பார்த்துட்டு இங்கே கடையில் கேட்காதீங்க. நம்ம நாட்டில் பாறைகளை உருவாக்கும் பவளங்கள் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கு. கிட்டத்தட்ட புலிக்குக் கொடுக்கிற பாதுகாப்பு. உயிருள்ளது, செத்தது என்ற வித்தியாசமும் கிடையாது. கடல்குதிரையும் இதே அட்டவணைதான். 'யாரும் கேட்க மாட்டாங்க சார்'னு சொல்லி வித்தாலும் வாங்காதீங்க.

சட்டத்துக்குப் பின்னாடி காரணமும் இருக்கு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகளைச் சேர்த்து, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவா 1986-ல் அறிவிச்சாங்க. அங்கே பல வருஷம் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்திருக்காங்க. வெட்டின இடம் பழைய நிலைக்குத் திரும்புறது ரொம்ப மெதுவா நடக்கும். பல பவளங்கள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், சிலது அதுவும் இல்லை.

நமக்குத் தேவை துளைகள் நிறைஞ்ச ஒரு பாறை, அவ்வளவுதான். செராமிக்கிலோ சிமென்ட்டிலோ செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்குது. அந்தத் துளைகளுக்குள்ள பாக்டீரியா குடியேறிட்டா, சில மாசத்தில் அதுவே உயிருள்ள பாறை மாதிரி வேலை செய்யும். பாறையை முதலில் தொட்டியின் அடியில் நல்லா உட்காரவெச்சுட்டு, அப்புறம் மணலைப் போடுங்க. மணல் மேல பாறை வெச்சா, மீன் தோண்டும்போது சரிஞ்சு கண்ணாடியில் மோதும்.

மீன் இல்லாத ஆறு வாரம்

இதுதான் மொத்தக் கட்டுரையின் சாரம். மீனின் கழிவும் மிஞ்சின உணவும் அழுகினா அமோனியா வரும். அமோனியா மீனின் செவுளை எரிக்கும். கடல்நீரின் பி.ஹெச் 8.1 முதல் 8.4 வரை இருக்கும். பி.ஹெச் கூடக் கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். அதனாலதான் நன்னீர்த் தொட்டியில் சமாளிக்கிற அளவு அமோனியாகூட இங்கே ஆபத்து.

இதைச் சரிபண்ண இயற்கையிலேயே ஆள் இருக்கு. ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, ஆபத்து குறைந்த நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டு கூட்டமும் பாறையிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அவை பெருக உணவு வேணும். அதை மீனை வெச்சுக் கொடுக்காமல், இப்படிக் கொடுங்க...

* முதல் நாள்: கட்டைவிரல் அளவு பச்சை இறால் துண்டை ஒரு சின்ன வலைப்பையில் போட்டுத் தொங்கவிடுங்க. வாசனை பிடிக்கலைன்னா, அம்மோனியம் குளோரைடை 2 பி.பி.எம் அளவுக்குக் கலக்கலாம். வேவ்மேக்கர் ஓடட்டும், லைட் வேணாம்.
* 1 - 2 வாரம்: அமோனியா ஏறும். ஏறினதும் இறால் துண்டை எடுத்துடுங்க.
* 2 - 4 வாரம்: அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். மணல் மேல பழுப்பு நிறத்தில் ஒரு படலம் வரலாம். பயப்படாதீங்க, டயாட்டம்னு ஒரு பாசி அது, தானா போயிடும்.
* 4 - 6 வாரம்: நைட்ரைட்டும் இறங்கும், நைட்ரேட் ஏறும்.
* ஃபைனல் டெஸ்ட்: மறுபடி அம்மோனியம் குளோரைடை 2 பி.பி.எம் அளவுக்குக் கலந்து, 24 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அமோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்ஜியமா இருந்தா தொட்டி ரெடி. பாதித் தண்ணீரை மாத்தி, நைட்ரேட்டை 20 பி.பி.எம்-க்குள் கொண்டுவாங்க.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா இந்த நாள்களைக் குறைக்கலாம். ஆனாலும், தேதியை நம்பாமல் டெஸ்ட் கிட்டையே நம்புங்க. ஏழாவது வாரமும் நைட்ரைட் காட்டினா, எட்டாவது வாரம் வரைக்கும் காத்திருங்க.

முதல் மீன் யாரு?

சந்தேகமே வேணாம், கோமாளி மீன் ஒரு ஜோடி. அதுவும் ஹேட்சரியில் பிறந்தது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவெச்சு வளர்க்கும் முறையில் நிறைய வேலை செய்திருக்காங்க. தொட்டியிலேயே பிறந்த மீன், துகள் உணவுக்குப் பழகியிருக்கும். நம்ம வீட்டுச் சூழலையும் சுலபமா ஏத்துக்கும்.

கடலில் பிடிச்ச மீன் அப்படி இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடைத் தெளிச்சு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல வருஷமா இருக்கு. அப்படிப் பிடிச்ச மீன் வெளியே நல்லாத் தெரியும், சில நாளில் செத்துடும். பிடிச்ச இடத்துப் பவளமும் பாதிக்கப்படும்.

கடையில் ரெண்டே கேள்வி கேளுங்க: 'இது ஹேட்சரி மீனா, கடல் மீனா?', 'இப்ப சாப்பாடு போட்டுக் காட்ட முடியுமா?' கண்ணெதிரே சாப்பிடாத மீனை வாங்காதீங்க.

ரெண்டு குட்டி மீனா பார்த்து, ஒண்ணு கொஞ்சம் பெருசா எடுங்க. கோமாளி மீன் எல்லாமே ஆணாத்தான் வளரும். ஜோடியில் பெருசா, ஆதிக்கமா இருக்கிறது பெண்ணா மாறிடும். நல்லாப் பார்த்துக்கிட்டா 10 வருஷத்துக்கு மேலயும் வாழும். கடல் சாமந்தி இல்லாமலும் ஜாலியா இருக்கும். கடல் சாமந்திக்கு வலுவான லைட்டும் நல்லா முதிர்ந்த தொட்டியும் வேணும். முதல் வருஷம் அதைப் பற்றி யோசிக்கவே வேணாம்.

கண்ணாடியில் பாசி வர ஆரம்பிச்சதும் ரெண்டு மூணு நத்தை விடலாம். ஒரு மாசம் கழிச்சு ஒரு சின்ன கோபி மீன். 70 லிட்டருக்கு மூணு மீனோட நிறுத்திக்கோங்க.

இவங்க வேணாம்: 'டோரி'ன்னு கேட்கிற புளூ டேங் ஓர் அடி வரைக்கும் வளரும். டாம்சல் தாக்குப்பிடிக்கும், ஆனா மத்த மீன்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். அழகா இருக்கும் மாண்டரின் மீன், உயிருள்ள நுண்ணிய இரையையே தேடும். புதுத் தொட்டியில் பட்டினியில் செத்துடும்.

கவரில் இருந்து தொட்டிக்கு...

வாங்கும்போதே கடைத் தொட்டியின் உப்பு அளவைக் கேளுங்க. ஒட்டுண்ணிகளைக் குறைக்க சில கடைகளில் உப்பைக் குறைவா வெச்சிருப்பாங்க. வீட்டில் கவரை 15 நிமிஷம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்க. அப்புறம் மெல்லிய டியூபில் சொட்டுச் சொட்டா அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நம்ம தண்ணீரைக் கலக்கவிடுங்க. கடைத் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊத்தாதீங்க.

கூரியரில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செஞ்சு வந்த மீனுக்கு இந்த முறை ஆகாது. கவருக்குள் அமோனியா சேர்ந்திருக்கும். காற்று பட்டதும் பி.ஹெச் ஏறி அது இன்னும் விஷமாகும். வெப்பத்தைச் சமமாக்கிட்டு, கவரில் இருக்கும் அதே உப்பு அளவில் தயாரா வெச்சிருக்கிற தண்ணீரில் சீக்கிரமே விட்டுடுங்க.

முடிஞ்சா 30 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், ஒரு சின்ன ஃபில்டரோட மூணு நாலு வாரம் தனியா வெச்சுக் கவனிங்க. உடம்பில் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா அது மரைன் இக் என்ற நோய். செம்பு கலந்த மருந்தை இந்த டப்பில்தான் பயன்படுத்தணும். மெயின் தொட்டியில் ஊத்தினா நத்தைகள் காலி.

நம்ம ஊரின் நாலு வில்லன்கள்

வெயில்: 25 முதல் 27 டிகிரி செல்சியஸ்தான் இலக்கு. குளிர் நாட்டுக்காரங்க ஹீட்டர் வாங்குவாங்க, நமக்குத் தேவை ஃபேன். தண்ணீர்ப் பரப்பில் காற்று படுற மாதிரி சின்ன ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும். தண்ணீரும் வேகமா ஆவியாகும், டேப் கோட்டை மறக்காதீங்க. மே மாசம் அது போதாது. ஏ.சி ரூமோ சில்லரோ வேணும். ரெண்டுக்கும் வழி இல்லைன்னா, இந்தத் தொட்டியே வேணாம்னு முடிவெடுக்கிறதுதான் நியாயம். ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு மட்டும் ஹீட்டர் தேவை.

கரன்ட் கட்: உப்புநீரில் ஆக்ஸிஜன் கரைவது நன்னீரைவிடக் குறைவு. சூடானா இன்னும் குறையும். கரன்ட் போனா தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தா வேவ்மேக்கரை அதில் போடுங்க.

ஷாக்: உப்புத்தண்ணீரில் மின்சாரம் நல்லாப் பாயும். ஒவ்வொரு வயரும் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகட்டும். அப்பதான் வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாது. ஆர்.சி.சி.பி இருக்கான்னு எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிபண்ணுங்க. தொட்டிக்குள் கையை விடும்போது எல்லா சுவிட்ச்சையும் அணைச்சுடுங்க.

கொசு மருந்து: லிக்விட், காயில், ஸ்பிரே எதுவா இருந்தாலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை ரசாயனம்தான். மீனுக்கும் இறாலுக்கும் அது கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் பயன்படுத்தாதீங்க. ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சுடுங்க. கையில் சானிடைசர், சோப்பு இருந்தா நல்லாக் கழுவாமல் தண்ணீரைத் தொடாதீங்க.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்

* தினமும்: வெப்பம் பாருங்க. சுத்தமான தண்ணீரில் கோடு வரை நிரப்புங்க. ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷத்தில் தின்னு தீர்க்கிற அளவு மட்டும் உணவு போடுங்க. கடைசியா மீன்களை எண்ணுங்க.
* வாரம் ஒருமுறை: 7 லிட்டரை எடுத்துட்டு, முந்தின நாளே கலந்து வெச்ச புது உப்புநீரை ஊத்துங்க. உப்பு 260 கிராம் போல ஆகும், அதாவது மாசத்துக்கு ஒரு கிலோ. கண்ணாடியைத் துடைச்சு, ஃபில்டர் ஸ்பான்ஜை எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்க. குழாயில் அலசினா பாக்டீரியா செத்துடும்.
* மாசம் ஒருமுறை: ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபாருங்க. அதுக்கென்று 35 பி.பி.டி கரைசல் கிடைக்கும்.

ஒரு மீன் சோர்வா இருந்தா முதலில் மருந்தைத் தேடாதீங்க. அமோனியா, உப்பு, வெப்பம் மூணையும் அளந்து பாருங்க. பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும். எதுவும் புரியலைன்னா, கால்வாசித் தண்ணீரை மாத்துறது பாதுகாப்பான முதலுதவி.

'போதும்'னு தோணினா?

வேலை மாறலாம், வீடு மாறலாம். அப்போ மீனைக் கொண்டுபோய்க் கடலில் விடுறது புண்ணியம் இல்லை. இந்தோ - பசிபிக் கடலைச் சேர்ந்த லயன் ஃபிஷ், வீட்டுத் தொட்டிகளில் இருந்து விடப்பட்டதால்தான் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் 1980-களில் தலைகாட்டியதுன்னு கருதப்படுது. இன்னைக்கு கரீபியன் கடல் வரைக்கும் பரவி, உள்ளூர் மீன்களைத் தின்னு தீர்க்குது. தொட்டியில் வளர்ந்த மீன் நோயையும் கொண்டுபோகலாம். கடையிலோ, இதே ஆர்வம் உள்ள நண்பரிடமோ கொடுத்துடுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். தொட்டி வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, மதியம் மூணு மணிக்கு எவ்வளவு காட்டுதுன்னு ஏழு நாள் குறிச்சு வைங்க. 29 டிகிரிக்குள் இருந்தா ஃபேனோட ஆரம்பிக்கலாம். தாண்டினா, சில்லருக்கும் சேர்த்து பட்ஜெட் போட்டுட்டு அப்புறம் தொட்டி வாங்கப் போங்க.